பாத்திர ஓவியம் பயிற்சித்தாள் அல்ல

கொடைக்கானலில் ஓவியம் என்றால் ஏரி. ஏரி இல்லையென்றால் தூண் பாறை. அதுவும் இல்லையென்றால், மூடுபனிக்குள் பாதி கரைந்து நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள். விடுதி வரவேற்பறைகளில் மாட்டியிருப்பவையும், பயணிகள் வாங்கிச் சுருட்டி எடுத்துப்போகிறவையும் பெரும்பாலும் இவைதாம். அதே காகிதத்தில், அதே நீர்வண்ணத்தில், பூண்டுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர் கையில் தொங்கும் அலுமினியத் தூக்குவாளியை ஓர் ஓவியர் வரைந்து வைத்தால், பார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்வி: “பிராக்டிஸுக்குப் போட்டதா?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முழுக் கொள்கை இருக்கிறது. வீட்டுச் சாமான் ஓவியத்துக்கு உரிய பொருளாகாது, அது மாணவர்கள் கை பழக வரைவது என்பது அதன் முதல் கூற்று. நீர்வண்ணம் பள்ளிப் பிள்ளைகளின் ஊடகம், தேறியவர்கள் எண்ணெய் வண்ணத்துக்கோ அக்ரிலிக்குக்கோ போய்விடுவார்கள் என்பது இரண்டாவது. சாமானை அச்சு அசலாகக் காட்டக் கைபேசி போதும் என்பது மூன்றாவது. இத்தனை மலையும் பள்ளத்தாக்கும் கண்ணெதிரே கிடக்கும்போது பாத்திரத்தை வரைவானேன் என்பது நான்காவது. ஓவிய ஆசிரியர்கள், விற்பவர்கள், வாங்குபவர்கள், சில ஓவியர்கள்கூட இந்த நான்கையும் கேள்விக்கு அப்பாற்பட்டவையாக நினைத்துப் பேசுகிறார்கள். நான்குமே பிழையானவை. கொடைக்கானல் இருக்கும் பழனி மலையைப் பொறுத்தவரை அவை தீங்கானவையும்கூட. இந்த மலையில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதையே அவை ஓவியத்திலிருந்து துடைத்துவிடுகின்றன.

முதல் கூற்று எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே அதன் கம்பீரம் குறைந்துவிடும். பிரான்சின் அரச ஓவியக் கழகத்தில் 1667-இல் நடந்த உரைகளைத் தொகுத்த ஆந்த்ரே ஃபெலிபியன், அந்த நூலின் முன்னுரையில் ஓவியங்களுக்கு ஒரு தர வரிசை வகுத்தார். பழங்கள், பூக்கள், சிப்பிகள் போன்ற உயிரற்ற பொருள்களை வரைபவர் கடைசிப் படியில் நின்றார். அவருக்கு மேலே இயற்கைக்காட்சி வரைபவர், அதற்கும் மேலே விலங்குகளை வரைபவர், பிறகு மனித உருவம் வரைபவர். எல்லோருக்கும் மேலே வரலாற்றையும் புராணத்தையும் வரைபவர். அரசவைக்கு எது பெருமை சேர்க்கும் என்ற கணக்கில் எழுந்த வரிசை இது. ஏரிப் படத்தை உயர்த்திப் பாத்திரப் படத்தைத் தாழ்த்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே வரிசையில் இயற்கைக்காட்சிக்குக் கிடைத்ததும் கடைசிக்கு முந்தைய படிதான்.

அந்த வரிசையை அந்தக் கழகமே முழுதாகக் காப்பாற்றவில்லை. 1728-இல் ஷார்தான் என்ற ஓவியர், சமையலறையில் தொங்கும் திருக்கை மீனை வரைந்த ஓவியத்தோடு அங்கே உறுப்பினரானார். தண்ணீர் சேமிக்கும் செம்புத் தொட்டி, ஒரு கண்ணாடி டம்ளர், அதன் அருகே ஒரு காபிக் கூஜா என வீட்டுப் பொருள்களையே பின்னாளிலும் வரைந்துகொண்டிருந்தார். தீதரோ போன்ற விமர்சகர் அவரைக் கொண்டாடியதும் இந்த ஓவியங்களுக்காகத்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் தர வரிசை பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தது. அறுவை மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கினார். அதுவே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. காலனி ஆட்சிக் காலத்து ஓவியக் கல்வியில் கூம்பு, உருளை, பெட்டி, குடுவை ஆகியவை கண்ணையும் கையையும் அளவுக்குப் பழக்கும் கருவிகளாக இருந்தன. தமிழக அரசின் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவிய ஆசிரியராக விரும்புகிறவர்கள் எழுதும் பாடங்களில் ‘மாடல் டிராயிங்’ என்ற பெயரில் அந்த வழக்கம் தொடர்ந்தது. பாத்திரம் ஒரு வினாத்தாளின் வினாவானது. கோணம் சரியா, நிழல் சரியா என்று பார்த்து மதிப்பெண் போட்டார்கள். அந்தப் பாத்திரம் யாருடையது, எதற்குப் பயன்பட்டது, ஏன் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தேர்வுக்கு வரைந்த படங்களில் பல உயிரற்று இருப்பது உண்மைதான். அந்தக் குறை அவற்றை வரையச் சொன்ன முறையில் இருக்கிறது. அதைப் பாத்திரத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அதே சென்னை ஓவியப் பள்ளியின் வரலாற்றில் இன்னொரு பக்கம் உண்டு. ஓவிய வகுப்புகளில் அது அதிகம் பேசப்படுவதில்லை. பொறியியல் பேராசிரியரான ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் அந்தப் பள்ளியின் பட்டறையில் அலுமினியத்தில் சமையல் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். அலுமினியம் அப்போது இந்தியாவுக்குப் புதிய உலோகம். பித்தளையிலும் செம்பிலும் கை பழகியவர்களைக் கொண்டு அதை அடித்து வடிவாக்கினார்கள். தொழில் பிடித்துக்கொண்டது. 1903-இல் அது ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கைமாறியது. தென்னிந்தியச் சமையலறைக்குள் அலுமினியம் நுழைந்த கதையில் ஓர் ஓவியப் பள்ளிக்கு இவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது. அந்தப் பள்ளியின் மரபில் வந்தவர்களே அலுமினியப் பாத்திரத்தை வரைவதைத் தரக்குறைவாக நினைத்தால், தங்கள் வீட்டுக் கதையைத் தாங்களே மறந்தவர்கள் ஆகிறார்கள்.

தமிழ் மரபுக்குள்ளேயே நிலத்தைப் பார்க்க ஒரு முறை உண்டு. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. அதோடு நிறுத்தவில்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அந்த நிலத்துக்கு உரியவற்றைக் கருப்பொருளாக வகுத்தது. வாழ்வின் உணர்வை உரிப்பொருள் என்றது. மலை என்றால் மலைமுகடு மட்டுமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அங்கே அடிக்கும் பறையும் உண்ணும் உணவும் செய்யும் தொழிலும் சேர்ந்தால்தான் குறிஞ்சி. இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், கொடைக்கானலின் ஏரிப் படங்களும் பனிப் படங்களும் முதற்பொருளோடு நின்றுபோனவை. பூம்பாறையில் கொத்தாகக் கட்டித் தொங்கும் மலைப்பூண்டு, மன்னவனூர்க் குளிரில் போர்த்திய கம்பளி, பளியர் பழங்குடியினர் கிழங்கு தோண்டும் கோல், வெந்நீர்த் தவலை, தூக்குவாளி ஆகியவைதாம் கருப்பொருள். இவற்றை வரைகிறவர் குறிஞ்சிக்குள்தான் நிற்கிறார்; வெறும் காட்சி வரைகிறவரைவிட ஓர் அடி உள்ளே.

“மலை இருக்கும்போது பாத்திரம் எதற்கு” என்பவர்கள் மலைக்காட்சியை இயற்கையென்றும் பாத்திரத்தை மனிதர் செய்ததென்றும் பிரித்துவைத்துப் பேசுகிறார்கள். கொடைக்கானலில் அந்தப் பிரிவினை நிற்காது. ஏரி 1863-இல் உருவானது. மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் அது. சுமார் 60 ஏக்கர் பரப்பில் தண்ணீர் பிடித்துவைத்த ஒரு பாத்திரம் என்றே அதைச் சொல்லலாம். பயணிகள் படமெடுக்கும் பைன் காடு நட்டு வளர்த்தது. யூகலிப்டசும் சீகை மரமும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, பழைய புல்வெளிகளின் மேல் பரப்பப்பட்டவை. பயணிகள் மயங்கும் ‘இயற்கை’யில் பெரும்பகுதி மனிதக் கைவேலை. பேதம் இவ்வளவுதான்: ஏரியைக் கட்டச் சொன்ன ஆட்சியரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, தூக்குவாளியை அடித்து வடித்தவரின் பெயர் இல்லை.

மலையைத் தூரத்துக் காட்சியாகப் பார்க்கும் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தின் அடிஸ்கோம்பில் நடத்திய ராணுவப் பள்ளியில் ஓவியமும் ஒரு பாடம். நிலத்தை அளக்கவும் கோட்டைகளைக் குறிக்கவும் அதிகாரிகளுக்கு அது தேவைப்பட்டது. பழனி மலையைக் கம்பெனிக்காக லெப்டினன்ட் வார்டு அளந்தது 1821-இல். 1845 முதல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் இங்கே வீடு கட்டத் தொடங்கினார்கள். அளக்க வந்தவர்களுக்கும் இளைப்பாற வந்தவர்களுக்கும் மலை ஒரு காட்சியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அளக்க வந்தவர்களின் சமையலறை இங்கே இல்லை. வீடு கட்டியவர்களுக்கு அது இருந்தாலும் அதில் வேலை செய்தவர்கள் வேறு. ஆனால் வெள்ளகவியிலும் கூக்காலிலும் வில்பட்டியிலும் தலைமுறைகளாக வாழ்பவர்களுக்கு மலை என்பது அடுப்பும் தண்ணீரும் பயிரும் சேர்ந்தது. அவர்கள் பார்வைக்கு ஓவியத்தில் இடம் கேட்பது மிகையான கோரிக்கை இல்லை.

அந்தப் பார்வை இந்த மலையில் மிகப் பழையது. பழனி மலையின் கல்திட்டைகளைப் பற்றி ஆங்லாட், நியூட்டன் இருவரும் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. பின்னர் கா. ராஜன் தலைமையில் தாண்டிக்குடியில் நடந்த அகழாய்வில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களிலிருந்து கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் கிடைத்தன. இறந்தவரை அனுப்பும்போது உடன் வைக்கத் தகுந்தது ஒரு மட்கலம் என்று இந்த மலையின் பழங்குடிகள் எண்ணியிருக்கிறார்கள். வீட்டுச் சாமான் கவனத்துக்கு உரியதே இல்லை என்ற எண்ணம் இந்த மண்ணில் முளைத்ததில்லை.

இனி நீர்வண்ணம் பற்றிய பேச்சு. பள்ளியில் வாங்கித் தரும் வில்லை வண்ணப் பெட்டியால் இந்த ஊடகத்துக்குக் குழந்தைத்தனம் ஒட்டிக்கொண்டது. விலை குறைவு, தண்ணீரில் கழுவினால் போய்விடும், ஆகவே பிள்ளைகளுக்கு ஏற்றது என்பதோடு அந்தத் தர்க்கம் முடிகிறது. ஆனால் எண்ணெய் வண்ணத்தில் தவறினால் சுரண்டிவிட்டு மேலே பூசலாம். அக்ரிலிக்கில் தவறினால் காய்ந்தபின் மறைக்கலாம். நீர்வண்ணத்தில் காகிதம் குடித்த கறையைப் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது. வெள்ளை நிறம் என்று ஒன்றைத் தனியாகப் பூசுவதைத் தேர்ந்த நீர்வண்ண ஓவியர்கள் தவிர்ப்பார்கள். காகிதத்தின் வெண்மைதான் வெளிச்சம். எங்கே ஒளி விழ வேண்டுமோ அந்த இடத்தை முதல் பூச்சுக்கு முன்பே தீர்மானித்து, கடைசிவரை தொடாமல் காப்பாற்ற வேண்டும். முதலிலேயே முடிவு தெரிந்திருக்க வேண்டிய ஊடகம் பழகுநர்களின் ஊடகமாக எப்படி இருக்க முடியும்?

கொடைக்கானல் இந்தச் சிரமத்தை இரட்டிப்பாக்குகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே, பனி இறங்கும் பிற்பகலில், காற்றின் ஈரம் காகிதத்தை உலர விடாது. ஏப்ரல் மாத மதுரையில் சில நிமிடங்களில் காயும் பூச்சு இங்கே நெடுநேரம் ஈரமாகக் கிடக்கும். அது காயுமுன் அடுத்த பூச்சை வைத்தால் தண்ணீர் பின்னால் பாய்ந்து, ஓரம் கிழிந்த பூப்போல ஒரு கறை விரியும். பொறுமையில்லாதவருக்கு அது விபத்து. தெரிந்தவர் அதே ஈரத்தை வேலைக்கு எடுத்துக்கொள்வார். காகிதமும் கவனிப்புக் கேட்கும். நீண்ட நாள் ஈரத்தில் கிடந்தால் அதன் மேல் பூசிய பசைப் பூச்சில் பூஞ்சை பிடித்து, வண்ணம் திட்டுத் திட்டாக உறிஞ்சப்படும். இந்த ஊரில் நீர்வண்ணம் பழகியவருக்கு வானிலையும் ஒரு பாடம்.

பாத்திரத்துக்குப் பாத்திரம் முறை மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவர்சில்வர் டம்ளர் சுற்றியிருப்பதை எல்லாம் கண்ணாடியாகக் காட்டும். அதில் கறுப்பும் வெள்ளையும் கூரான விளிம்போடு அடுத்தடுத்து நிற்கும். அதனால் உலர்ந்த காகிதத்தில் தெளிவாக வெட்டி வெட்டிப் பூச வேண்டும். பித்தளைச் சொம்பின் ஒளி மஞ்சளாக இருந்தாலும் நிழல் பச்சையும் பழுப்புமாகச் சாயும். அங்கே வெறும் மஞ்சளை அடர்த்தியாக்கினால் சொம்பு மஞ்சள் பூசணியாகிவிடும். பழைய அலுமினியம் இந்த இரண்டிலும் சேராது. சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விழுந்த நுண்கீறல்களும், மேலே படிந்த ஆக்ஸைடும் ஒளியைச் சிதறடிப்பதால் அதற்குக் கூரான பிரதிபலிப்பு கிடையாது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு அது மெல்ல நகரும். அந்த நகர்வைப் பிடிக்க ஈரக் காகிதத்தில் ஈர வண்ணம் இறங்க வேண்டும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தில், நீலத்தின் துகள்கள் காகிதத்தின் குழிகளில் தனியே படிந்து ஒரு மணல்தன்மை கொடுக்கும். தேய்ந்த உலோகத்தின் மேனிக்கு அதைவிடப் பொருத்தமான பூச்சு எண்ணெய் வண்ணத்தில்கூட எளிதில் அமையாது. தூக்குவாளிக்காகவே அமைந்த ஊடகம் என்று நீர்வண்ணத்தைச் சொன்னால் தவறில்லை.

நீர்வண்ணத்தின் தாழ்ந்த மதிப்புக்கு இன்னொரு காரணம் நிறுவனங்களின் வழக்கம். லண்டனில் அரசக் கலைக் கழகத்தின் கண்காட்சிகளில் நீர்வண்ணத்துக்கு உரிய இடம் கிடைக்காததால், அந்த ஓவியர்கள் 1804-இல் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்தார்கள். இன்றும் பெரிய அருங்காட்சியகங்கள் காகித ஓவியங்களைச் சுமார் 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில், குறுகிய காலத்துக்கு மட்டுமே காட்சிக்கு வைக்கின்றன. ஒளியில் சில வண்ணங்கள் மங்கிவிடும் என்பதுதான் காரணம். அதனால் நிரந்தரக் கூடங்களில் பார்வையாளர் காண்பது எண்ணெய் ஓவியங்களையே. அடிக்கடி காண்பதை உயர்ந்தது என்றும், அலமாரிக்குள் இருப்பதைத் தாழ்ந்தது என்றும் கண் பழகிவிட்டது.

மூன்றாவது கூற்றான கைபேசி வாதம் கேட்க நியாயமாக ஒலிக்கும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு இங்கே கூட்டம். வருகிறவர் எல்லோர் கையிலும் கேமரா. இந்த வாதத்தை ஏற்றால் முதலில் விழ வேண்டியது ஏரி ஓவியம்தான். ஏரியைத்தான் வருகிறவர்கள் ஓயாமல் படம் எடுக்கிறார்கள். கேமரா ஏரி ஓவியத்தை ஒழிக்கவில்லை என்றால் பாத்திர ஓவியத்தை மட்டும் எப்படி ஒழிக்கும்?

கேமரா வந்தபின்பும் கை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இந்த மலையிலேயே சான்று உண்டு. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1836-இல் பழனி மலைக்கு வந்து செடிகளைப் பதிவு செய்தார். அவருடைய நூல்களுக்கான படங்களை ரங்கையா, கோவிந்து என்ற இரு தென்னிந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். கோவிந்துவின் கைத்திறனை மதித்து ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று வைட் பெயர் சூட்டினார். அது கேமரா பரவாத காலம் என்று சொல்லலாம். ஆனால் ஃபைசன் என்ற தாவரவியலாளர் நீலகிரி, பழனி மலைமுகடுகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை வெளியிட்ட நூலிலும் கையால் வரைந்த படங்களே இருந்தன. கொடைக்கானலில் செடி சேகரித்த லேடி போர்ன் வரைந்தவையும் அவற்றில் அடக்கம். கே. எம். மேத்யூ பழனி மலைத் தாவரங்களின் படத்தொகுதியை வெளியிட்டது 1996-இல். அப்போதும் வரைபடம்தான். புகைப்படம் லென்ஸின் முன் இருப்பதை எல்லாம் ஒரே மதிப்போடு பதிவு செய்கிறது. வரைகிற கை தேர்ந்தெடுக்கிறது: இந்த நரம்பு முக்கியம், அந்தச் சருகு முக்கியமில்லை. செடிக்குப் பொருந்தும் இந்த நியாயம் செம்புக்கும் பொருந்தும். வாளியின் நசுங்கலைக் கூர்மையாக்கி, பின்சுவரை ஒரே பூச்சில் கரைய விடுகிற தீர்மானம் ஓவியருடையது. பார்க்கிறவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தத் தீர்மானம்தான் சொல்கிறது.

“போட்டோ மாதிரியே இருக்கு” என்ற பாராட்டையும் இங்கே மறுத்தாக வேண்டும். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் பயின்று, கிராமத்துப் பெண்களையும் வீட்டுக்குள் விழும் வெளிச்சத்தையும் வரைந்த ஓவியர் இளையராஜாவுக்கு 2021-இல் அவர் மறையும்வரை மக்கள் தந்த பாராட்டு பெரும்பாலும் இதுதான். அன்போடு சொன்னதுதான், ஆனால் அது ஓவியரின் முடிவுகளை எல்லாம் ஓர் இயந்திரத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. எந்த நிழலை அடர்த்தியாக்கினார், எந்த விளிம்பை விட்டார் என்று கேட்கத் தொடங்கினால்தான் ரசனை தொடங்கும்.

நீர்வண்ணத்தில் ஒரு பாத்திரத்தைப் பார்ப்பது எப்படி என்பதற்கு ஓவியர் செசானின் ‘நீலப் பானை’ நல்ல பாடம். 1900-க்கும் 1906-க்கும் இடையே வரைந்தது. இப்போது லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீல நிறப் பானை, வெள்ளைப் பால் கூஜா, ஆப்பிள்கள், ஒரு விரிப்பு: எந்த வீட்டுச் சமையலறையிலும் இருக்கக்கூடியவை. பென்சில் கோடுகளின் மேல் மெல்லிய வண்ணத் தாள்களாக ஒன்றன்மேல் ஒன்று பூச்சுகள் படிந்திருக்கின்றன. கூஜாவின் வெண்மை பெருமளவு தொடாத காகிதம். அறுபது வயதைத் தாண்டிய, கைத்திறனில் உச்சத்தில் இருந்த ஓர் ஓவியர் பயிற்சிக்காக இதை வரையவில்லை. அவருக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்பே, 1503-இல், ட்யூரர் என்ற ஓவியர் ஒரு பிடி புல்லை வேர்மண்ணோடு நீர்வண்ணத்தில் வரைந்தார். யாரும் குனிந்து பார்க்காத களை அது. இன்று வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகம் தன் பெருமைகளில் ஒன்றாக அதைப் பாதுகாக்கிறது.

இடதுசாரி விமர்சகர்களிடமிருந்து வேறொரு மறுப்பு வரும். பானையும் பழமும் வரைவது வசதியுள்ளவர்களின் அலங்காரம், அதில் சமூகம் இல்லை என்பார்கள். கொடைக்கானலில் நின்றுகொண்டு இதைச் சொல்ல முடியாது. காய்ச்சல் பார்க்கும் பாதரச தெர்மாமீட்டரை எடுத்துக்கொள்ளலாம். வீட்டு மருந்துப் பெட்டியில் கிடக்கும் சிறு கண்ணாடிக் குச்சி. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக்கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் கொடைக்கானலில் இயங்கத் தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்கில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கிடந்ததை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டுவந்தபின், 2001-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல். அந்தத் தெர்மாமீட்டரை வெள்ளைத் துணியின்மேல் வைத்து, கண்ணாடிக்குள் ஓடும் அந்த வெள்ளிக் கோட்டைக் காகித வெண்மையாக விட்டு ஓர் ஓவியர் வரைந்தால், கொடைக்கானலைப் பற்றி எந்த ஏரிப் படமும் சொல்லாததை அது சொல்லும். பொருள்களுக்குள் உழைப்பும் நோயும் விலையும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க மறுக்கிறவர்தான் சமூகத்தைத் தவிர்க்கிறார்.

பாத்திர ஓவியத்தின் பக்கம் நிற்பவர்களிடமும் ஒரு தவறு இருக்கிறது. அவர்கள் பித்தளையைத் தாண்டுவதில்லை. பாட்டி காலத்துச் செம்பு, அதன் அருகே ஒரு செம்பருத்தி, பின்னால் மரக்கதவு: இந்த வாய்பாடு ஏரி வாய்பாட்டைப் போலவே தேய்ந்துவிட்டது. பழமை ஏக்கம் விற்பனையாகும். ஆனால் இன்றைய பழனி மலை வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் குடம், ரசாயன உரச் சாக்கில் தைத்த பை, பிரஷர் குக்கர், வெந்நீர் போடும் கம்பிச் சுருள் ஹீட்டர். பச்சையும் ஆரஞ்சுமான பிளாஸ்டிக் குடத்தின் வழியே காலை வெளிச்சம் ஊடுருவும்போது, வெளிச்சுவருக்கும் உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே நிறம் இரண்டாகப் பிரியும். ஒளி ஊடுருவும் பூச்சுகளால் ஆன நீர்வண்ணம் அதைக் காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டாது. நேற்றைய பொருளை வரையலாம். இன்றைய பொருளைத் தவிர்ப்பதற்கு அது சாக்காகக் கூடாது.

இத்தகைய ஓவியத்தின் முன் நிற்கும் பார்வையாளர் சிலவற்றைத் தேடிப் பார்க்கலாம். காகிதத்தின் வெண்மை எங்கெங்கே காப்பாற்றப்பட்டிருக்கிறது? பாத்திரத்தின் வாயும் அடியும் நீள்வட்டங்களாகத் தெரியும். கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பாத்திரத்தில் அடிவட்டம் வாய்வட்டத்தைவிட அகலத் திறந்திருக்க வேண்டும். ஓவியர் அதைக் கண்டாரா? எந்த விளிம்பு கூராக நிற்கிறது, எது பின்னணியில் கரைகிறது? நிழலில் கறுப்பு மட்டும்தான் இருக்கிறதா, பக்கத்துச் சுவரின் நிறமும் எட்டிப் பார்க்கிறதா? பாத்திரத்தின் கீறலும் நசுங்கலும் ஒட்டுப் போட்ட கைப்பிடியும் ஓவியத்தில் இடம்பெற்றனவா, அழகுக்காகத் துடைக்கப்பட்டனவா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் ஓவியரின் நேர்மை தெரியும்.

கொடைக்கானலின் ஓவிய ஆசிரியர்கள் அடுத்த வகுப்பில் பிளாஸ்டர் கூம்பை எடுத்துவைத்துவிட்டு, பிள்ளைகளை வீட்டிலிருந்து ஆளுக்கொரு சாமானைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அது யார் கையில் புழங்குவது என்று ஓவியத்தின் பின்னால் எழுதவும் சொல்ல வேண்டும். செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பள்ளிகள், உயிரினப் பிரிவோடு திரும்பாமல் அங்கே உள்ள தொல்பொருள்களின் முன்னாலும் அவர்களை உட்காரவைத்து வரையச் செய்யலாம். விடுதி நடத்துகிறவர்கள் ஏரிப் படங்களுக்கு இடையே, நேர் வெயில் படாத ஒரு சுவரை, பூம்பாறையிலும் மன்னவனூரிலும் புழங்கும் பொருள்களை வரைந்த நீர்வண்ண ஓவியங்களுக்கு ஒதுக்க வேண்டும். மலைக்காட்சிக்குக் கொடுக்கும் அதே விலையை அவற்றுக்கும் கொடுக்க வேண்டும்.